மேற்குப் பக்கத்துக் கரி

சிதம்பரம்
24.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் இவரும் சுகம். இவருக்கு இருமல் விட்டது. அண்ணியின் முட்டிவலிக்கு மாத்திரை அனுப்பினேனே, கேட்கிறதா? சுவேதா பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாளா?

இதைப் போனிலேயே சொல்லலாம். சொன்னால் “ஆவட்டும் பாப்பா” என்பாய். டிராக்டரில் ஏறினதும் மறந்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் அண்ணி சாமி மாடத்தில் சொருகிவைப்பார், தினமும் உன் கண்ணில் படும்.

நம் முந்திரித் தோப்புக்கு மேற்கே இருக்கிற ஏழு ஏக்கர் காட்டைப் பற்றித்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் விறகுக் குத்தகைக்காரன் மொட்டையடித்துவிட்டுப் போன மேடு அது. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாகத் திரும்பி வந்தது. அதில் எண்பத்துநான்கு மரங்களுக்கு நானும் தேன் எடுக்கிற இருசம்மாளும் நம்பர் தகடு அடித்து ஒன்பது வருஷமாக அளக்கிறோம். 2019இல் ஒரு தடவை எரிந்தும் வேரிலிருந்து மீண்டது. அந்த வேர்கள் சேமித்த சாப்பாட்டில் பாதி அப்போதே செலவாகிவிட்டது. இன்னொரு தடவை எரிந்தால் மரம் வராது, புல்தான் வரும். புல் வந்தால் வருஷாவருஷம் எரியும்.

கொட்டை விழப்போகிறது என்று இப்போது ஊர் முழுக்க முந்திரிச் சருகைக் கொளுத்துவீர்கள். கொளுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவீர்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே நீ ஒரு வேலை செய். தோப்புக்கும் காட்டுக்கும் நடுவே இருபதடி அகலத்துக்குச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடு. வெறுந்தரையை நெருப்பு தாண்டாது. காலை ஒன்பது மணிக்குள், மேற்கிலிருந்து மேல்காற்று வரும்போதே முடித்துவிடு. கடல்காற்று திரும்பினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று முக்கியம். அந்த எல்லையில் சின்னக் கன்றுகள் இருக்கின்றன. நான் வந்து அவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டின பிறகே கைவை. மார்ச் 2, சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆறரைக்கு மினிபஸ்ஸில் இறங்கிவிடுவேன். நான் வரும்வரை காத்திரு.

உன் தங்கை,
இசைவாணி

காரைமேடு
28.2.2024

பாசமுள்ள தங்கை இசைவாணிக்கு,

எல்லோரும் சௌகரியம். ராஜாமணிக்கு மாத்திரை கேட்கிறது, ஆனால் கேட்கவில்லை என்றுதான் சொல்வாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

கடிதம் மாடத்தில் ஏறிவிட்டது. எனக்கும் எழுதுவதுதான் பிடித்திருக்கிறது. போனில் உன்னோடு பேசினால் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விடுகிறாயா நீ?

சருகு கூட்ட வெள்ளிக்கிழமையே இரண்டு பேரை வைத்து வரிசையாகக் குவித்துவிடுகிறேன். சனிக்கிழமை உன் துணி, என் தீப்பெட்டி. இருசம்மாளிடம் சொன்னேன். “வாணிம்மா வருதா? அப்ப நம்பர் நோட்டு எடுத்துக்கினு வரச் சொல்லு, அம்பத்தேழு நல்லா தடிச்சிருக்குது” என்றது. உனக்கு அந்த உலக்கைப்பாலை மரம் செல்லப்பிள்ளை என்று இருசம்மாளுக்குத் தெரியும்.

கட்டாயம் வா. காத்திருப்பேன்.

அண்ணன்,
செம்பியன்

சிதம்பரம்
5.3.2024

அண்ணா,

நலம் விசாரிக்க மனசில்லை. மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் போனில் “பாப்பா, காடு எரிஞ்சிபோச்சி” என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அண்ணிதான் எடுக்கிறார். நீ எங்கே என்றால் “லோடுக்குப் போயிருக்காரு” என்கிறார். என்ன நடந்தது என்று உன் கையால் எழுது.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைத்தலைவர் கூப்பிட்டு, மறுநாள் சிறப்பு விருந்தினர் வருகிறார், நீதான் மேடையில் தொகுத்துப் பேச வேண்டும் என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, நாள் முழுக்க நின்றேன். தலைப்பு ‘வனம் காப்போம்’. விருந்தினருக்குப் போட்ட பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையை அவர் மேடையிலேயே கழற்றிப் போட்டார், நான்தான் குனிந்து பொறுக்கினேன். அதே நேரத்தில் அங்கே காடு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. சீ!

உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த அவசரத்தில் மறந்துபோனேன். நெருப்பு யார் வைத்தது?

இசைவாணி

காரைமேடு
9.3.2024

தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். என் இடது கையில் கொப்புளம், அணைக்கப் போனபோது வந்தது. ஆறிவருகிறது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நெருப்பு பன்னிரண்டு மணி வாக்கில் காட்டுக்குள் போனது. சாயங்காலம் நான்குக்குள் ஏழு ஏக்கரும் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் தழை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். தீயணைப்பு வண்டி மண்பாதையில் வர முடியாமல் நின்றுவிட்டது. முயல்கள் திக்குத் தெரியாமல் ஓடின. இதற்குமேல் எழுத வரவில்லை.

நீ வராததால் எல்லை வேலையில் நான் கைவைக்கவில்லை.

யார் என்று தெரியவில்லை. ஊரில் இருசம்மாளைச் சொல்கிறார்கள். மேற்கே ஏரிப்பக்கம் தேனுக்குப் புகை போட்டது என்று பேச்சு. பேச்சுதான். யாரும் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செம்பியன்

சிதம்பரம்
20.3.2024

அண்ணா,

நேற்று வந்துபோனேன். அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட முடியவில்லை, அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நீ நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு லோடு ஏற்றிப் போய்விட்டாயாம். ஒரு நாள் நிறுத்தியிருக்கக் கூடாதா?

மேட்டில் நடந்தேன். சாம்பல் கணுக்கால்வரை ஏறியது. நடுவே பிராந்தி பாட்டில்கள், உருகிய தட்டுகள், யாரோ போட்ட செருப்பு. ஒன்பது வருஷம் நாங்கள் காலை வைக்கவே பயந்து நடந்த இடத்தில் ஊர்க்காரர்கள் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எரிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்து, “கரிக்கட்ட நல்லா காஞ்சிருக்குதும்மா” என்றாள். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

எண்பத்துநான்கையும் ஒரே நாளில் நான் தனியாகவே பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் நான்கு பக்கமும் கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினேன், அது வழக்கம். பிறகு உயிர் உண்டா இல்லையா. எழுபத்தொன்றில் இல்லை. ஐம்பத்தேழும் போய்விட்டது.

இருசம்மாள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. காலில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னோடு ஒன்பது வருஷம் நடந்து, என் டிபன்பாக்ஸில் சாப்பிட்டு, மரத்துக்கு மரம் பெயர் சொல்லித் தந்தவள், ஒரு கிலோ தேனுக்காக இதைச் செய்வாள் என்றால் நான் இனி யாரை நம்புவது? அருவருப்பாக இருக்கிறது.

கடலூர் போய் வனத்துறை அலுவலகத்தில் அறிக்கை கொடுத்துவிட்டேன். தேன் எடுப்பவர் வைத்த நெருப்பு என்று பெயரோடு எழுதினேன். ஐந்து வருஷத்துக்குள் இரண்டாம் முறை எரிந்ததால் இந்த மேடு இனி தானாக மீளாது என்றும் எழுதினேன். அதுதான் உண்மை.

இசைவாணி

காரைமேடு
2.4.2024

தங்கைக்கு,

நாங்கள் நலம். சுவேதா பரீட்சை எழுதி முடித்தாள். கொட்டை இந்த வருஷம் குறைவு.

உன் அறிக்கையை வைத்து இருசம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை வாசலில் உட்காரவைத்து அனுப்பினார்கள். இப்போது கடைக்காரர்கள் அதனிடம் தேன் வாங்குவதில்லை. ஏரிப்பக்கம் விறகு பொறுக்கக் கூடாது என்று ஊரில் தடை போட்டிருக்கிறார்கள்.

பெயரை எழுதித்தான் ஆகணுமா பாப்பா? யாரும் பார்க்கவில்லை என்றுதானே நான் எழுதினேன். கொஞ்சம் யோசித்துப் பார். எடுக்க முடியுமானால் எடுத்துவிடு.

கையில் தழும்பு நின்றுவிட்டது, வேறொன்றுமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

செம்பியன்

சிதம்பரம்
19.5.2024

அண்ணா,

சுவேதா நல்ல மார்க் என்று அண்ணி சொன்னார். சந்தோஷம். கவுன்சிலிங் சமயத்தில் நான் கூட வருகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால்தான். தப்பு செய்தவளுக்கு இரக்கம், எரிந்த காட்டுக்கு ஒன்றுமில்லையா என்று நினைத்தேன். நான்கு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

நேற்று விடுமுறையில் கரி அளவுகளைக் கணினியில் ஏற்றினேன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். காற்று வந்து மோதுகிற பக்கம் மரத்தில் கரி தாழ்வாக இருக்கும். மறுபக்கம் தீ சுழன்று ஏறுவதால் கரி உயரமாக நிற்கும். எண்பத்துநான்கு மரத்தில் எழுபத்தொன்பதில் மேற்குப் பக்கம்தான் கரி உயரம். ஐம்பத்தேழில் கிழக்கே முழங்கால்வரை, மேற்கே என் தலைக்கு மேல்.

அப்படியானால் காற்று கிழக்கிலிருந்து வந்திருக்கிறது. கடல்காற்று. நெருப்பு கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்கிறது. இருசம்மாள் தேன் எடுப்பது மேற்கே ஏரிக்கரையில், அதுவும் விடிகிற நேரத்தில். அங்கே வைத்த நெருப்பு நடுப்பகலில் காற்றை எதிர்த்துக்கொண்டு ஏழு ஏக்கரைத் தாண்டி வராது.

காட்டுக்குக் கிழக்கே இருப்பது ஒரே ஒரு தோப்பு. நம்முடையது.

உன் கை எப்படிச் சுட்டது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். போன் செய்யாதே. எழுது.

இசைவாணி

காரைமேடு
30.6.2024

பாப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வந்து நாற்பது நாள். மாடத்தில் இரண்டு கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாமி கும்பிடவே போவதில்லை நான்.

நான்தான் வைத்தேன்.

ஆறரை மினிபஸ்ஸில் நீ இறங்கவில்லை. அடுத்ததில் வருவாய் என்று நின்றேன். எட்டரை, ஒன்பதே முக்கால் இரண்டும் வந்து போயின. உன் போன் அணைந்திருந்தது. சருகை முந்தின நாளே குவித்தாகிவிட்டது. விட்டுப் போனால் எவனாவது பீடியைப் போடுவான். சரி, நாமே துணி கட்டிவிடலாம் என்று ராஜாமணியின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கன்றுகளுக்குக் கட்டினேன். முப்பத்தொரு கன்று. கட்டி முடித்து வைக்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது. காற்று அசையவே இல்லை, செத்த மாதிரி நின்றது. அப்படி நின்றால் திரும்பப்போகிறது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். முந்திரிக்காரன் பிள்ளை நான். தெரிந்தும் கால்மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வைத்தேன். பாதி வரிசை எரிவதற்குள் திரும்பிவிட்டது.

முதலில் ஓடிவந்தது இருசம்மாள். தழையை ஒடித்து என் பக்கத்தில் நின்று இரண்டு மணி நேரம் அடித்தது. அப்போதுதான் அதற்குக் கால் வெந்தது. நான் வைத்ததை அது பார்த்தது. ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்காரவைத்தபோதும் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று அப்புறம் கேட்டேன். “நான் சொன்னா எவன் நம்புவான் தம்பி? நீ சொன்னா நம்புவானுங்க” என்றது. எனக்கு அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அப்படியும் சொல்லவில்லை.

உனக்காகத்தான் மறைத்தேன் என்று எழுத நினைத்தேன். நான் காத்திருந்த கதையைச் சொன்னால் உன் மனசு உடையும் என்று. அது பாதிதான் உண்மை. மீதி பயம். கேஸ் ஆகும், டிராக்டர் வேலை போகும், சுவேதா காலேஜ் போக வேண்டும். இவ்வளவுதான் உன் அண்ணன்.

செம்பியன்

சிதம்பரம்
9.7.2024

அண்ணா,

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று மாசமாக அந்த மனுஷியை ஊர் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு கரும்பு லோடு அடித்தாயே, தூ! அதை எழுதிவிட்டேன். இனி என் பங்கு.

காத்திரு என்று எழுதியது நான். வராதது நான். ஒரு போன் செய்ய மறந்ததும் நான். ‘வனம் காப்போம்’ மேடையில் யாரோ போட்ட குப்பையைப் பார்த்து முகம் சுளித்தேன். ஊரைப் பார்த்து, விறகு வெட்டினவளைப் பார்த்து, எல்லோரையும் பார்த்து முகம் சுளித்தேன். கடைசியில் யாரும் பார்க்காத ஒன்றைப் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அவளைத் தவிர வேறு யாராவது, நம் தெருக்காரர் யாராவது என்றால் அவ்வளவு சீக்கிரம் எழுதியிருப்பேனா? எழுதியிருக்கமாட்டேன். இது தெரிந்த பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தே முகம் சுளிக்கிறேன்.

நேற்று அந்த அலுவலகத்துக்குப் போனேன். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கிளார்க் ஃபைலைப் பிரித்து, “ஆர்டரே போட்டாச்சு மேடம். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, இனிமே ஒண்ணும் வராதுன்னு” என்றார். ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, பொக்லைன் வருகிறதாம். கட்டைகளையெல்லாம் வேரோடு பெயர்த்துவிட்டுக் குழி எடுத்துத் தைலமரம் நடுகிறார்கள். பந்தல், மைக் எல்லாம் உண்டு. என்னைப் பேசக் கூப்பிடுவார்களாம்.

இரண்டு காரியம் செய். மாடத்திலிருக்கும் என் பிப்ரவரிக் கடிதத்தை எனக்கு அனுப்பு. அதையும் ஜூன் மாசத்து உன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன். உனக்கும் எனக்கும் என்ன வந்தாலும் வரட்டும். அடுத்து, இருசம்மாளைப் பார். மன்னிப்புக் கேட்க நான் வரலாமா என்று கேள்.

இசைவாணி

காரைமேடு
27.7.2024

பாப்பாவுக்கு,

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாடத்தில் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெள்ளையாகத் தெரிகிறது. நானும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். ராஜாமணி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சோறு போட்டாள்.

இருசம்மாள் இங்கே இல்லை. மகளோடு குமராட்சிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. விசாரித்துக்கொண்டு போனேன். கல் அடுக்கிக்கொண்டிருந்தது. கால் ஆறியிருக்கிறது, விந்தி நடக்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த வரிசையை அடுக்கி முடித்தது. பிறகு, நான் சொல்றத அப்பிடியே எழுது என்றது. எழுதினேன்.

“வாணிம்மா, என் பேர எடுக்கப்போறன்னு தம்பி சொல்லுச்சி. நல்லது. நீ அன்னிக்கு வந்து மரத்தயெல்லாம் மேலாக்கப் பாத்துட்டுப் போயிட்ட. நான் கூப்ட்டேன், நீ திரும்பல. கரியப் பாத்தா மரம் செத்துதான்னு தெரியுமா? நாம எத்தினி வாட்டி வேரடியில மண்ணக் கீறிப் பாத்திருக்கறோம்? நெருப்பு வந்த பத்தாம் நாளு நான் போயி கீறிப் பாத்தன். அம்பத்தேழு சாவல. தரைக்குக் கீழ பட்ட பச்சையா இருக்குது. வீரை, காயா மரமெல்லாங்கூட அப்பிடித்தான். பாதிக்கு மேல உசுரு இருக்குது. தோப்போரம் இருக்கற இருவது போச்சி, அது வராது, அதுக்கு ஆசப்படாத. அதச் சொல்லத்தான் அன்னிக்குக் கூப்ட்டேன். இப்ப புல்லு மூடியிருக்கும், வெலக்கிட்டுக் கீறு. மேல வெட்டாத, மண்வெட்டிய சாய்ச்சிப் புடி. நீ இங்க வரவேணாம். நானும் அங்க வரல.”

இவ்வளவுதான் சொன்னது. திரும்பக் கல் அடுக்கப் போய்விட்டது. நான் கொண்டுபோன பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

செம்பியன்

சிதம்பரம்
1.8.2024

அண்ணா,

நான் சுகம். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

இரண்டு கடிதத்தையும் இன்று கொடுத்துவிட்டேன். கல்லூரியிலும் சொல்லிவிட்டேன், வேலை நிலைக்குமா தெரியாது. அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுக்கு வருகிறாராம். கண்ணால் பார்க்கிற மாதிரி பச்சையைக் காட்டினால் பொக்லைனை நிறுத்துவேன், இல்லாவிட்டால் திங்கட்கிழமை நடப்பது நடக்கும் என்றார்.

ஒன்பதுக்குள் முடிந்த அளவு மரங்களின் வேரடியைக் கீறித் திறந்து வைக்க வேண்டும். இருசம்மாள் சொன்னபடி, மண்வெட்டியைச் சாய்த்துப் பிடி. முதலில் ஐம்பத்தேழு. யார் பார்த்துச் சொன்னது என்று அதிகாரி கேட்டால் அவள் பெயரைச் சொல், என் பெயரைச் சொல்லாதே.

நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆறரை மினிபஸ்ஸில் நான் இறங்காவிட்டால் அங்கே நிற்காதே. நீ போய் ஆரம்பித்துவிடு.

உன் தங்கை,
இசைவாணி